கறிவேப்பிலையை உள்ளே எடுக்கும் முன்

செப்டெம்பர் பிறந்துவிட்டால் கனடாவில், ரொறன்ரோவையொட்டிய ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கத்தில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் பேச்சு ஒரு கட்டத்தில் கறிவேப்பிலைக் கன்றில் வந்து நிற்கும். குளிருக்கு எப்போது வீட்டுக்குள்ளே எடுக்கிறீர்கள், எங்கே வைக்கிறீர்கள், போன வருடம் இலை கொட்டியதா, பூச்சி பிடித்ததா. கடையில் ஒரு சின்னப் பை இலை என்ன விலை விற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் இந்தக் கவலை விலைக்காக மட்டும் இல்லை. மே மாதம் வெளியே வைத்து, கோடை முழுக்கத் தண்ணீர் விட்டு, நெஞ்சளவுக்கு வளர்த்தெடுத்த கன்று நத்தாருக்கு முன்னமே பிசுபிசுத்து, இலை மஞ்சளாகி, வெறும் கொப்பாக நிற்பதைப் பார்ப்பது லேசான விஷயமில்லை.

அந்த நேரத்தில்தான் எல்லாரும் கேட்கிறார்கள், இதற்கு என்ன அடிக்கலாம் என்று. என்னைக் கேட்டால் அது மூன்று மாதம் பிந்தி வந்த கேள்வி. டிசம்பரில் கண்ணில் படும் பூச்சி டிசம்பரில் வந்ததில்லை. செப்டெம்பரிலேயே இலையின் அடியில் முட்டையாகவும், காம்பின் இடுக்கில் குஞ்சாகவும், சாடியின் விளிம்புக்குக் கீழேயும் ஒட்டிக்கொண்டு கன்றோடு சேர்ந்து வாசலைத் தாண்டியது. ஆகவே வேலையில் முக்கால்வாசியை வெளியே, முற்றத்தில், வெயில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். உள்ளே வந்த பிறகு செய்வதெல்லாம் காவல் வேலைதான்.

ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வெளியே இருக்கும்போது கன்றில் பூச்சி இல்லாமல் இல்லை. அசுவினி, அதுதான் ஊரில் அழுக்கணவன் என்போமே, அது இருக்கும், சிலந்திப்பேன் இருக்கும், ஒன்றிரண்டு செதில் பூச்சியும் இருக்கும். ஆனால் மழை அவற்றை அடித்துக் கழுவுகிறது, காற்று உதறிவிடுகிறது, லேடிபேர்ட் வண்டும் அதன் புழுவும் அசுவினியைத் தின்கின்றன, கண்ணுக்கே தெரியாத குட்டிக் குளவிகள் செதில் பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்கின்றன. இரவுக் குளிர் மிச்சமிருப்பதை மந்தமாக்குகிறது. வீட்டுக்குள் இதில் ஒன்றுமே கிடையாது. 21 பாகை வெப்பம், ஹீற்றர் உலர்த்திய காற்று, மழை இல்லை, எதிரி இல்லை. பூச்சிக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. அசுவினியில் பல இனங்கள் இலையுதிர் காலத்தில் நாள் குறுகிக் குளிர் வந்ததும் முட்டையிட்டுவிட்டு முடிந்துபோகும், ஆனால் சூடான வீட்டுக்குள், விளக்கு வெளிச்சத்தில் இருந்துவிட்டால் ஆண் துணையே இல்லாமல் குட்டி போட்டுக்கொண்டே போகும், அந்தக் குட்டி ஒரு கிழமை, பத்து நாளில் தானும் குட்டி போடத் தொடங்கும். சிலந்திப்பேனுக்கு உலர்ந்த காற்றும் சூடும் சேர்ந்தால் முட்டையிலிருந்து முழுப்பேன் ஆக ஒரு கிழமை, கொஞ்சம் குளிர்ந்த அறையென்றால் இரண்டு மூன்று கிழமை. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒக்ரோபரில் நாலு பேன் உள்ளே வந்தால் நத்தாருக்கு என்ன நிலைமை என்று.

மருந்து அடிக்கலாமே என்றால், ஒன்ராறியோவில் 2009 ஏப்ரல் 22 முதல் வீட்டுப் புல்தரைக்கும் தோட்டத்துக்கும் அழகுக்காக இரசாயனப் பூச்சிகொல்லி பாவிப்பதற்குத் தடை இருக்கிறது, கடைத் தட்டில் இப்போது பெரும்பாலும் சவர்க்காரம் சார்ந்தவையும் எண்ணெய் சார்ந்தவையும்தான். அது நல்லதற்கே. ஏனென்றால் நாங்கள் பேசுவது ரோசாச் செடியைப் பற்றி இல்லை, இன்று பின்னேரம் ஆய்ந்து தாளிக்கப்போகிற இலையைப் பற்றி. அதுவும் குழந்தைகள் விளையாடும், சாப்பாட்டு மேசை இருக்கும், யன்னல் ஆறு மாதம் திறக்காத அறைக்குள்.

சரி, எப்போது உள்ளே எடுப்பது. உறைபனி வரும் வரைக்கும் காத்திருப்பவர்கள் பலர் இருக்கிறார்கள், ரொறன்ரோவில் பெரும்பாலும் ஒக்ரோபரில்தானே முதல் உறைபனி, இன்னும் நாள் இருக்கிறது என்று. கறிவேப்பிலைக்கு அந்தக் கணக்குச் சரிவராது. இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கியதும் அது வளர்ச்சியை நிறுத்திவிடும், இலை கொட்டத் தொடங்கும். மல்லிகை, செவ்வரத்தை, தேசி எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட இதே எல்லைதான். ஆகவே செப்டெம்பர் கடைசி. இதில் இன்னொரு காரணமும் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை: ஹீற்றர் ஓடத் தொடங்குவதற்கு முன்னமே கன்று உள்ளே வந்துவிட வேண்டும். யன்னல் இன்னும் திறந்து கிடக்கும் நாட்களில் உள்ளேயும் வெளியேயும் காற்று ஏறக்குறைய ஒன்றுதான், கன்றுக்கு அதிர்ச்சி இல்லை. வெளியே 5 பாகை, உள்ளே 22 பாகை உலர்ந்த காற்று என்ற நாளில் தூக்கிக்கொண்டு வந்தால் இலை கொட்டத்தான் செய்யும், வாடி நிற்கும் கன்றைப் பூச்சி முதலில் பிடிக்கும்.

செப்டெம்பர் கடைசியில் உள்ளே எடுப்பதென்றால் கழுவும் வேலையைச் செப்டெம்பர் தொடக்கத்திலேயே ஆரம்பிக்க வேண்டும். ஒரு தடவை கழுவினால் போதாது. சவர்க்காரமோ தண்ணீரோ முட்டையை ஒழுங்காகக் கொல்லாது, அது பொரித்து வெளியே வந்த குஞ்சைத்தான் கொல்லும். ஆகவே ஒரு கிழமை இடைவெளி விட்டு மூன்று தடவை. இந்த இடைவெளிதான் விஷயம். முதல் தடவை கழுவி எல்லாம் சுத்தம் என்று நினைத்து உள்ளே எடுத்துவிட்டால், மிஞ்சிய முட்டை உங்கள் அறைக்குள் பொரிக்கும்.

முதலில் ஓஸ் பைப்பால் நல்ல வேகத்தில் அடித்துக் கழுவுங்கள். கன்றை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, மண் கொட்டாமல் சாடியின் வாயை ஒரு பொலித்தீன் பையால் கட்டி, இலையின் அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும். மேல்பக்கம் கழுவுவதில் பெரிய பலன் கிடையாது. சிலந்திப்பேன், அசுவினி, வெள்ளை ஈ எல்லாம் இலையின் அடியில்தான் குடியிருக்கின்றன. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு அன்ரி இருக்கிறார், கை பட்டால் காய்க்கும் என்று சொல்வார்களே, அப்படியான ஆள். "பிள்ளை, நான் எல்லாம் பாத்திட்டன், ஒண்டுமில்லை" என்றார். "இலையைத் திருப்பிப் பாத்தீங்களோ அன்ரி?" என்று கேட்டேன். ஒரு ஈர்க்கைப் பிடித்துத் திருப்பினோம். நடு ஈர்க்கின் நீளத்துக்கு மண்ணிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு எள்ளைவிடச் சின்னது, தட்டையாக ஒட்டியிருந்தன. அன்ரி அதை ஈர்க்கின் கணு என்று நினைத்திருந்தார். நகத்தால் மெதுவாகத் தட்டினால் கணு அசையாது, இது கழன்று வந்தது, அடியில் ஈரமான ஒரு தடம் மிஞ்சியது. செதில் பூச்சி. எண்ணினால் ஒரு ஈர்க்கில் இருபதுக்குக் குறையாது.

செதில் பூச்சிக்கு எந்தத் தெளிப்பும் உடனே வேலை செய்யாது, ஏனென்றால் அதன் மேல் ஓடு இருக்கிறது. கையால்தான் எடுக்க வேண்டும். பழைய பல் பிரஷ், ஒரு பேணியில் சவர்க்காரத் தண்ணீர், அவ்வளவுதான். கொப்பின் அடியிலிருந்து நுனி வரைக்கும் மெதுவாகத் தேய்த்துக்கொண்டு போங்கள், இளம் கொப்பில் அழுத்தித் தேய்த்தால் தோல் உரிந்துவிடும். அதிகம் பிடித்த ஈர்க்குகளைத் தேய்த்து நேரத்தை வீணாக்காமல் வெட்டி எடுத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குவியலுக்குள் வேண்டாம். கறிவேப்பிலை வெட்டினால் பக்கத்தில் கிளைக்கிற மரம், பயப்படத் தேவையில்லை. ஓடு இல்லாத குஞ்சு ஊர்ந்து திரியும் பருவம் ஒன்று இருக்கிறது, சவர்க்காரத் தெளிப்பு அதைத்தான் பிடிக்கும், ஆகவே தேய்த்ததோடு நிறுத்தாமல் கிழமைக்கொரு தெளிப்பும் வேண்டும்.

இலை பிசுபிசுக்கிறதா, அதன்மேல் கரி அப்பியிருக்கிறதா, கோடையில் எறும்பு வரிசையாக மேலே ஏறி இறங்கியதா, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் செதில், அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ நான்கில் ஒன்று எங்கோ இருக்கிறது. அவை சாற்றை உறிஞ்சிவிட்டு வெளிவிடும் இனிப்புத் திரவத்தைத்தான் எறும்பு தேடி வருகிறது, அதில்தான் அந்தக் கரிப்பூஞ்சணமும் வளர்கிறது. எறும்பு சும்மா வந்து எடுத்துக்கொண்டு போவதில்லை, அந்தப் பூச்சிகளுக்குக் காவலும் இருக்கிறது, லேடிபேர்டை விரட்டுகிறது. கரியை மட்டும் துடைத்துவிட்டு விட்டால் இரண்டு கிழமையில் திரும்ப வரும்.

சவர்க்காரத் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எல்லாரும் இதைச் செய்கிறார்கள், பாதிப் பேருக்குப் பலன் கிடைப்பதில்லை. கோப்பை கழுவும் திரவங்களில் பெரும்பாலானவை சவர்க்காரமே இல்லை, டிட்டர்ஜென்ட். அவை இலையின் மேலிருக்கும் மெழுகுப் பூச்சைக் கரைத்துவிடும், இலை ஓரம் கருகும். வேண்டியது தாவர எண்ணெயில் செய்த, வாசனை இல்லாத திரவச் சவர்க்காரம், காஸ்டீல் சோப் என்று சுகாதாரக் கடைகளில் கிடைக்கும், அல்லது தோட்டக் கடையில் பூச்சிக்கென்றே விற்கும் பொட்டாசியம் சவர்க்காரம். பின்னதைப் போத்தலில் எழுதியிருக்கும் அளவில்தான் கலக்க வேண்டும். காஸ்டீல் என்றால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி, கிட்டத்தட்ட 10 மில்லி லீற்றர், அதற்கு மேல் போட்டால் வேகமாகச் சாகும் என்று நினைத்துக் கூட்ட வேண்டாம், கன்றுதான் கருகும்.

தண்ணீரும் முக்கியம். ரொறன்ரோ குழாய்த் தண்ணீர் ஒன்ராறியோ ஏரியிலிருந்து வருகிறது, அதில் ஓரளவு கல்சியம் இருக்கிறது. வாட்டர்லூ, கிச்சனர் பக்கம் பெரும்பாலும் நிலத்தடி நீர், அங்கே இன்னும் கடினம். கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்தால் வெள்ளையாகத் திரண்டு படியும், பூச்சியைக் கொல்லப் போதுமான சவர்க்காரம் மிஞ்சாது. மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதில் கலக்குங்கள், இல்லாவிட்டால் கடையில் வாங்கும் காய்ச்சி வடித்த தண்ணீர். ஒரு தெளிப்புக்கு ஒரு லீற்றர்தானே வேண்டும்.

அப்புறம், சவர்க்காரம் ஈரமாக இருக்கும் வரைக்கும்தான் வேலை செய்யும். பூச்சியின் மேல் நேரடியாகப் பட வேண்டும், பட்டால் அதன் மேல்தோல் கெட்டு உள்ளிருக்கும் ஈரம் போய்ச் சாகும், காய்ந்த பிறகு அதன்மேல் நடந்து போகும் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே வெயிலில் அடிக்கக் கூடாது, உடனே காய்ந்துபோவது ஒன்று, இலை கருகுவது இன்னொன்று. பின்னேரம் வெயில் இறங்கியதும், இலையின் அடியிலிருந்து சொட்டச் சொட்டத் தெளியுங்கள். முதலில் ஒரு கொப்பில் மட்டும் தெளித்து ஒரு நாள் விட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்துக்குப் போனால் நிம்மதி. சமையலுக்கு ஆயும்போது இலையை நல்ல தண்ணீரில் அலசினால் போதும்.

மாவுப்பூச்சி இருந்தால் அது வேறு கதை. காம்பும் தண்டும் சேரும் கவட்டில் இடியப்ப மா சிந்தியது போல வெள்ளையாக அப்பியிருக்கும், அந்தப் பஞ்சுக்குள் ஒரு தாய் சில நூறு முட்டை வைத்திருக்கும். மருந்துக் கடையில் விற்கும் 70 வீத அல்ககோல், காது துடைக்கும் பஞ்சுக் குச்சி, இரண்டும் இருந்தால் போதும். குச்சியை நனைத்து ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியிலும் வைத்து அழுத்துங்கள், வெள்ளை கரைந்து உள்ளே இருக்கும் இளஞ்சிவப்பு உடம்பு தெரியும், அப்போதுதான் சரியாகப் பட்டிருக்கிறது என்று அர்த்தம். இலை முழுக்க அல்ககோல் தெளிக்க வேண்டாம். மல்லிகை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கொடி ஏற நட்ட மூங்கில் தடி, கட்டிய நூல், பிளாஸ்ரிக் கட்டு. மாவுப்பூச்சி அந்தக் கட்டுக்குள்தான் ஒளிந்திருக்கும், கன்றை எவ்வளவு கழுவினாலும் அங்கே தண்ணீர் போகாது. பழைய நூலையும் தடியையும் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே எடுத்த பிறகு புதிதாகக் கட்டுங்கள்.

சிலந்திப்பேனைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம், அரை மில்லிமீற்றர்தான். ஒரு வெள்ளைத் தாளைக் கொப்பின் கீழே பிடித்துக்கொண்டு கொப்பை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் தூசி விழும். கொஞ்ச நேரம் தாளை அசைக்காமல் பிடித்துக்கொண்டு பார்த்தால் அந்தத் தூசியில் சில நடக்கத் தொடங்கும். விரலால் இழுத்துத் தேய்த்தால் பச்சையோ செம்மஞ்சளோ கோடு விழும். இலையில் ஊசியால் குத்தியது மாதிரி வெளிர் புள்ளிகள், நூலாம்படை எல்லாம் தெரியும் அளவுக்கு வந்துவிட்டால் அது முற்றிய நிலை. துளசிக்கும் கத்தரிக்கும் இது விருப்பமாக வரும், கறிவேப்பிலைக்கு உலர்ந்த அறையில் வரும். இதற்குத் தண்ணீரே நல்ல மருந்து, வேகமாக அடித்துக் கழுவக் கழுவ எண்ணிக்கை குறையும்.

வெள்ளை ஈ செவ்வரத்தையை விடாது. கொப்பைத் தட்டினால் வெள்ளையாகக் கிளம்பிப் பறந்து திரும்ப அங்கேயே இருக்கும். செவ்வரத்தையை உள்ளே எடுக்கும் முன் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுங்கள், மொட்டு இருக்கிறதே என்று பார்க்க வேண்டாம், அந்த மொட்டில்தான் அசுவினி அப்பியிருக்கும், உள்ளே வந்து வெளிச்சம் குறைந்ததும் மொட்டு எப்படியும் உதிர்ந்துவிடும். மிளகாய்க் கன்றும் அப்படித்தான், ஒட்ட வெட்டி எடுத்தால்தான் குளிர்காலத்தைத் தாண்டும், இலையோடு எடுத்தால் அசுவினிக்குச் சாப்பாடு.

இலையோடு வேலை முடிந்துவிடாது. மண்ணுக்குள் எறும்பு, மரவட்டை, நத்தை, செவிப்பூரான், பூஞ்சைக் கொசுவின் புழு எல்லாம் இருக்கலாம். பெரிய வாளியிலோ குளிக்கும் தொட்டியிலோ இளஞ்சூட்டுத் தண்ணீர் நிரப்பி, சாடியை மண் மட்டத்துக்கு மேலே தண்ணீர் நிற்கும்படி பதினைந்து இருபது நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். முதலில் காற்றுக் குமிழி வரும், பிறகு ஒவ்வொன்றாக மேலே ஏறி மிதக்கும். அதற்குப் பிறகு நன்றாக வடிய விட வேண்டும், ஒரு நாள் முழுக்க நிழலில் வைத்து வடியட்டும். தூக்க முடியாத பெரிய சாடி என்றால் இதை விட்டுவிட்டு மேல் மண் இரண்டு அங்குலத்தைச் சுரண்டி எடுத்துப் புது மண் போடுங்கள். சாடியின் வெளிப்பக்கம், விளிம்பின் உள்மடிப்பு, அடியில் இருக்கும் துவாரம், கீழ்த்தட்டு, இவ்வளவையும் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். இதை யாரும் செய்வதில்லை, மாவுப்பூச்சியின் முட்டைப் பை அந்த விளிம்பு மடிப்பில் பல தடவை கண்டிருக்கிறேன்.

சாடி சின்னதாக இருந்தால் ஒரு தடவை கன்றை மெதுவாகச் சரித்து வெளியே உருவி, வேர்க் கட்டியைப் பாருங்கள். சாடிச் சுவரோடு வேர் ஒட்டும் இடத்தில் வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் அது வேர் மாவுப்பூச்சி, அப்போது மட்டும் மண்ணை முழுதாகக் கழுவி மாற்ற வேண்டும். அது இல்லாதபோது குளிர்காலத்துக்கு முன் மண் மாற்ற வேண்டாம், வேர் குலைந்த கன்று வெளிச்சமும் குறைந்த அறைக்குள் போனால் தேறுவது கஷ்டம். உரமும் ஓகஸ்ட் நடுவோடு நிறுத்திவிடுங்கள். நைதரசன் அதிகம் போட்டால் செப்டெம்பரில் மெல்லிய தளிராக வரும், அசுவினிக்கு அதைப் போலப் பிடித்த சாப்பாடு வேறில்லை.

இனி ஊர் முறைகள். இதில் எனக்குக் கொஞ்சம் உறுதியான கருத்து உண்டு. யாழ்ப்பாணத்தில் புகையிலைக் கழிவை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் தெளிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கேயும் சிகரெட் தூளை ஊறவைக்கலாமா என்று கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதில் இறங்குவது நிக்கொட்டின், அது தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும் நஞ்சு, இலையிலிருந்து இலகுவில் போகாது, நாங்கள் அந்த இலையைச் சாப்பிடப் போகிறோம். போதாததற்குப் புகையிலையில் இருக்கக்கூடிய ஒரு வைரஸ் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றும். செடியிலிருந்து வந்தது என்பதால் மட்டும் ஒன்று பாதுகாப்பானது ஆகிவிடாது. சாம்பல் தூவுவது வெளியே, நிலத்தில் நிற்கும் மரத்துக்கு நல்லதுதான், சின்னச் சாடியில் அது மண்ணைக் காரமாக்கிவிடும், கறிவேப்பிலைக்கு இலேசான அமிலத் தன்மையுள்ள மண்தான் பிடிக்கும். உள்ளி மிளகாய்ச் சாறு வெளியே வேண்டுமானால் அடியுங்கள், மூடிய வீட்டுக்குள் அடித்தால் பூச்சிக்கு முன் எங்களுக்குத்தான் கண் எரியும்.

வேப்பெண்ணெயை நான் மதிக்கிறேன். அதில் இருக்கும் அசாடிராக்டின் பூச்சியின் பசியைக் கெடுக்கும், தோலுரித்து வளர்வதைத் தடுக்கும், எண்ணெய் அதன் மூச்சுத் துவாரத்தை அடைக்கும். ஆனால் கனடாவில் வேப்பெண்ணெய் பூச்சிகொல்லியாகப் பதிவு செய்யப்படவில்லை, இலைக்கு மினுக்கம் தரும் எண்ணெய் என்ற பெயரில்தான் கடையில் இருக்கிறது, ஆகவே சாப்பிடும் செடிக்கு இவ்வளவு அடிக்கலாம், இத்தனை நாள் கழித்து ஆயலாம் என்று எந்த அறிவுறுத்தலும் அந்தப் போத்தலில் கிடையாது. அதனால் மல்லிகைக்கும் செவ்வரத்தைக்கும் பாவிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் வேண்டாம் என்பேன். அந்த மணமும் கசப்பும் ஏறிய இலையைக் குழம்பில் போட யாருக்கு மனம் வரும்?

உள்ளே வந்த கன்றை நேரே மற்றச் செடிகளோடு கொண்டுபோய் வைக்காதீர்கள். மூன்று கிழமை தனியாக இருக்கட்டும், பேஸ்மென்ட்டில் ஒரு விளக்கின் கீழோ, யாரும் அதிகம் போகாத அறையின் யன்னலிலோ. மண்ணில் பசை பூசிய ஒரு மஞ்சள் அட்டையைக் குத்தி வைத்தால் வெள்ளை ஈயும் பூஞ்சைக் கொசுவும் அதில் ஒட்டும், எத்தனை இருக்கின்றன என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு சனி ஞாயிறும் இலையைத் திருப்பிப் பாருங்கள், கைபேசிக் கமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பியதும் தெரியும்.

இடம் பார்த்து வைப்பதில் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கனடிய வீடுகளில் சூட்டுக் காற்று வரும் துவாரம் பெரும்பாலும் யன்னலுக்கு நேர் கீழே தரையில்தான் இருக்கும். கன்றுக்கு வெளிச்சம் வேண்டும் என்று யன்னலோரம் வைக்கிறோம், அந்த இடத்திலேயே உலர்ந்த சூட்டுக் காற்று அடியிலிருந்து இலைக்கு அடிக்கிறது. சிலந்திப்பேன் கேட்டு வாங்கியது மாதிரியான இடம். துவாரத்தின் மேல் காற்றைத் திருப்பிவிடும் பிளாஸ்ரிக் மூடி வன்பொருள் கடையில் சில டொலருக்குக் கிடைக்கும், அதைப் பூட்டுங்கள், அல்லது கன்றை இரண்டடி தள்ளி வைத்து மேலே ஒரு எல்ஈடி விளக்குப் போடுங்கள். தண்ணீர் விசிறுவதால் காற்றின் ஈரம் கூடி நிற்காது, பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். அதைவிடக் கிழமைக்கோ இரண்டு கிழமைக்கோ ஒரு தடவை குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போய் ஷவரின் கீழே அடிப்பக்கம் நனையக் கழுவினால், தூசியும் போகும் பேனும் போகும். நான் குளிர்காலம் முழுக்க நம்புவது இந்த ஷவரைத்தான்.

பூஞ்சைக் கொசுவுக்காக யாரும் பயப்பட வேண்டாம், எரிச்சல்தானே தவிர வளர்ந்த கன்றைக் கொல்லாது. மேல் மண் ஈரமாகவே இருந்தால்தான் அதன் புழு வாழும். குளிர்காலத்தில் கறிவேப்பிலை உறங்கும், அதற்குத் தண்ணீர் அதிகம் தேவையில்லை, மேலே இரண்டு அங்குலம் காயும் வரை விட்டுவிட்டுப் பிறகு கீழ்த்தட்டில் ஊற்றினால் கொசு தானாகக் குறையும். உரித்த உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றை மண்ணின் மேல் வைத்து இரண்டு நாளில் புரட்டிப் பார்த்தால் புழு அதில் சேர்ந்திருக்கும், அப்படியே எடுத்து எறியலாம். கோப்பித் தூள், தேயிலைச் சக்கை இரண்டையும் குளிர்காலத்தில் மண்ணில் கொட்டாதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொசுவை வளர்க்கும்.

நல்ல பூச்சியை வாங்கி வீட்டுக்குள் விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்ராறியோவின் லெமிங்டனில் ஏக்கர் கணக்கில் இருக்கும் கண்ணாடி வீடுகளில் தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் அப்படித்தான் செய்கிறார்கள், வெள்ளை ஈக்கு எதிராக ஒரு குட்டிக் குளவி, சிலந்திப்பேனுக்கு எதிராக அதைத் தின்னும் வேறொரு பேன். ஆனால் அந்தப் பேனுக்குக் காற்றில் 60 வீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும், ஜனவரியில் எங்கள் வீடுகளில் 30 வீதம் இருந்தாலே அதிகம். ஒக்ரோபரில் யன்னல் இடுக்கால் வீட்டுக்குள் நுழையும் செம்மஞ்சள் வண்டு வேலை செய்யுமே என்றும் நினைக்க வேண்டாம், அந்த ஆசிய வண்டு உறங்குவதற்குத்தான் உள்ளே வருகிறது, சாப்பிட இல்லை. 2001இல் அது திராட்சைக் குலையோடு சேர்ந்து நசுங்கி நயாகராப் பக்கத்து வைனின் சுவையையே கெடுத்தது, அதன் மஞ்சள் சாறு அவ்வளவு நாற்றம். மெதுவாகப் பிடித்து வெளியே விடுங்கள்.

துளசியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கும்பிடும் செடி, வெட்ட மனம் வராது. கோடை முழுக்கப் பூத்துக் காய்த்துத் தண்டு மரமாகிப் போன துளசியை உள்ளே எடுத்தால் பெரும்பாலும் சிலந்திப்பேனைத்தான் எடுக்கிறீர்கள். ஓகஸ்ட் கடைசியில் பூக்காத இளம் நுனிகள் நாலைந்தைக் கிள்ளி, கீழ் இலைகளை எடுத்துவிட்டு, சவர்க்காரத் தண்ணீரில் ஒரு முறை தோய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, ஒரு கிளாஸ் தண்ணீரில் நிற்க வையுங்கள். ஒன்றிரண்டு கிழமையில் வேர் வரும், புது மண்ணில் புதுச் சாடியில் நடலாம். பூச்சி ஏறி வர வழியே இல்லை.

இவ்வளவும் செய்தும் ஜனவரியில் கறிவேப்பிலை பூச்சி பிடித்து மொட்டையாகி நின்றால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒவ்வொரு வருடமும் மாடிக் கட்டடங்களின் குப்பை அறைகளில் உயிருள்ள கன்றுகள் சாடியோடு கிடப்பதைக் காண மனம் பொறுக்கவில்லை. தண்டை நகத்தால் இலேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் அது உயிரோடு இருக்கிறது. மண்ணிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு மேலே எல்லாக் கொப்பையும் வெட்டி, வெட்டியதைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, மிஞ்சிய தண்டை அல்ககோல் நனைத்த துணியால் மேலிருந்து கீழ்வரை துடையுங்கள். மேல் மண்ணை மாற்றுங்கள். இலை இல்லாத கன்று தண்ணீர் குடிக்காது, ஆகவே மண் நன்றாகக் காய்ந்த பிறகு கொஞ்சமாக ஊற்றினால் போதும், அதிகம் ஊற்றினால் பூச்சி விட்டுவைத்த வேரைத் தண்ணீர் அழுக வைத்துவிடும். மார்ச்சில் வெளிச்சம் ஏறத் தொடங்கியதும் கணுக்களில் தளிர் வரும். அந்தத் தளிரிலும் இலையின் அடியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருங்கள், மே மாத விக்டோரியா தின விடுமுறை தாண்டி இரவு 10 பாகைக்குக் கீழே இறங்காமல் நிற்கும்போது வெளியே, முதல் கிழமை நிழலில், அப்புறம் வெயிலில்.